தகடும் மரக்கட்டையும்

துப்பாக்கியின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அதை வேகத்தின் சரித்திரமாகவே எழுதுகிறார்கள். நிமிஷத்துக்கு இரண்டு, பிறகு பத்து, பிறகு பதினைந்து என்று. எனக்குச் சில வருஷங்களாக இதற்கு எதிர்த்திசையில்தான் கவனம். வேகத்தைத் தடுப்பதற்கென்றே செய்த ஓர் உறுப்பு இருந்தது. நம் ஊர்ப் பேச்சில் 'த்ரீ நாட் த்ரீ' என்று வழங்கும் பிரிட்டிஷ் ரைஃபிளின் கட்-ஆஃப். விரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் தகடு, அவ்வளவுதான்.

1888இல் பிரிட்டிஷ் ராணுவம் லீ-மெட்ஃபோர்ட் ரைஃபிளை ஏற்றது. ஸ்காட்லாந்தில் பிறந்து கானடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவரின் போல்ட்டும், தோட்டாக்களை அடுக்கிவைக்கும் அவருடைய பெட்டியும் அதில் இருந்தன. பெட்டியில் முதலில் 8 தோட்டா, பின்னால் 10. பெட்டி வந்த அதே துப்பாக்கியில் பெட்டியை மூடும் தகடும் வந்தது. வலது பக்கத்தில் ஓர் ஆணியைச் சுற்றித் திரும்பும். உள்ளே தள்ளினால் பெட்டியின் வாய்மேல் படுத்துக்கொள்ளும். போல்ட் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்வரும். கீழே அடுக்கியிருக்கும் பத்தும் மேலே வர வழியில்லை. சிப்பாய் பையிலிருந்து ஒவ்வொரு தோட்டாவாக எடுத்துக் கையால் வைத்துச் சுட வேண்டும். பெட்டியில் இருப்பது நெருக்கடிக்கு. அதுவும் உத்தரவு வந்த பிறகு. சிப்பாய் பதற்றத்தில் எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்துவிடுவான் என்பது மேலே இருந்தவர்களின் பயம்.

அந்தப் பெட்டிக்குப் பெயர் மேகஸின். கிடங்கு என்று பொருள்படும் அரபிச் சொல்லிலிருந்து வந்தது. 1731இல் லண்டனில் ஒரு பத்திரிகை 'ஜென்டில்மன்ஸ் மேகஸின்' என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டது முதல் அச்சுலகத்துக்கும் ஒட்டிக்கொண்டது. நாம் நடத்துவதும் ஒரு மேகஸின்தான் என்பதை இங்கே ஞாபகப்படுத்திவிட்டு மேலே போகிறேன்.

1907இல் வந்த மார்க்-3 ரைஃபிளிலும் தகடு இருந்தது. ஐந்து ஐந்தாகக் கோத்த தோட்டாக்களை ஒரே அழுத்தில் பெட்டிக்குள் இறக்கும் ஏற்பாடும் அதிலேயே இருந்தது. நிமிஷத்துக்குப் பதினைந்து சுட வேண்டும் என்று சிப்பாயைப் பழக்கினார்கள். வேகத்தைக் கற்றுக்கொடுத்த கையே தடையையும் மாட்டி வைத்தது. 1916இல் மார்க்-3 ஸ்டார் வந்தபோது தகட்டை எடுத்துவிட்டார்கள். சிப்பாய்மேல் திடீரென்று நம்பிக்கை பிறந்துவிட்டதாக எண்ண வேண்டாம். யுத்தம் லக்ஷக்கணக்கில் ரைஃபிள் கேட்டது. செய்வதற்கு ஓர் உறுப்பு குறைந்தால் அந்த அளவுக்கு வேலை மிச்சம். நெடுந்தூரக் குறிக்கென்று பக்கவாட்டில் இருந்த கருவியும் இப்படித்தான் போயிற்று. அந்தக் காலத்து ரைஃபிள்கள் சிலவற்றில் தகடு நுழைவதற்கான வெட்டு மட்டும் இருக்கும். தகடு இருக்காது.

இந்தியாவில் கதை வேறு மாதிரி. 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கென்று ஒரு துப்பாக்கி செய்தார்கள். வெளிப்பார்வைக்கு அசல் என்ஃபீல்டு. குழலுக்குள் மரை கிடையாது. தூரத்தில் குறி நிற்காது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் புதியது, இந்தியனுக்கு அதற்கு முந்தியது என்ற ஏற்பாடு வெகுகாலம் நடந்தது. பிறகு, வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலை 303 ரைஃபிளையே எடுத்துக் குழலின் மரையைக் கடைந்து வழித்து, 410 மஸ்கட் என்று போலீஸுக்கும் காவல்காரர்களுக்கும் ஆக்கிக் கொடுத்தது. அதற்கென்று தனித் தோட்டா. மேகஸின் இருக்க வேண்டிய பள்ளத்தில் ஒரு மரக்கட்டை. ஒரு தடவைக்கு ஒன்றுதான் சுடலாம். ராணுவம் கைவிட்ட தகடு மரமாகித் திரும்பி வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் உளுந்தூர்பேட்டையில் தமிழ்நாடு சிறப்புக் காவல்படையின் அணி ஒன்று இருக்கிறது. அதனால் ஓய்வுபெற்ற போலீஸ்காரர்கள் பலர் ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்கள். வேறோர் ஊரில் ஆர்மரராக இருந்து வந்தவர் ஒருவர் எனக்குப் பழக்கம். மஸ்கட்டைப் பற்றிக் கேட்டேன். "பத்து போவற எடத்துல கட்டைய அடிச்சி வெச்சிருப்பான் தம்பி. ஒன்ன நம்பலடான்னு வாயால சொல்லல, கையில குடுத்து சொல்றான்" என்றார். பயிற்சியில் சுட்ட தோட்டாவின் காலிக்கூடு ஒன்று புல்லில் தொலைந்தால் அணி முழுவதும் மண்டியிட்டுத் தேட வேண்டியிருக்குமாம். 2008இல் மும்பை ரயில் நிலையத்தில் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எதிரே 303ஐ வைத்துக்கொண்டு நின்ற போலீஸ்காரர்களைப் பற்றிப் பேசும்போது அவருக்குக் குரல் மாறிவிடுகிறது. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடு அந்த ரைஃபிளுக்கு விடை கொடுத்ததைப் பேப்பரில் படித்து, "இப்பவாச்சும்" என்றாராம்.

அவருடைய அவமானம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் நிற்கும் இடம் வேறு. துப்பாக்கியைப் பிடிப்பவன் அல்ல நான். அது நீட்டப்பட்டால் எதிரே நிற்கக்கூடியவன். 1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் நடத்திய சாலை மறியலின்போது எங்கள் பழைய தென்னாற்காடு ஜில்லாவில் துப்பாக்கிச்சூடு நடந்தது. அந்தப் போராட்டத்தில் மடிந்த 21 பேரை வருஷா வருஷம் நினைவுகூர்கிறார்கள். 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். வேன்மேல் ஏறி நின்று குறி பார்த்தவரின் படத்தை நாடே பார்த்தது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு யோசித்தால், பெட்டியில் மரக்கட்டை இருந்தால் எனக்கு நல்லது என்றுதான் வெட்கமில்லாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆர்மரருக்கு இழிவாக இருப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. இரண்டும் ஒரே கட்டைதான். அவரிடம் இதை நான் சொன்னதில்லை.

ஆனால் யோசிக்க யோசிக்கத் தகடும் கட்டையும் ஒன்றல்ல என்று படுகிறது. தகட்டை நகர்த்துவது சிப்பாயின் விரல். உத்தரவு யாருடையதானாலும், திறக்கும் அந்தக் கணம் அவனுக்குத் தெரிந்தே நடக்கிறது. மரக்கட்டையில் அவன் செய்வதற்கு ஒன்றுமில்லை. வேறு யாரோ தொழிற்சாலையிலேயே முடிவு செய்து அனுப்பிவிட்டார்கள். தகடும் கட்டையும் இல்லாத இன்றைய துப்பாக்கியில் விசையை அழுத்துவதோடு வேலை முடிந்துவிடுகிறது. ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் நடுவே கை பைக்குப் போய்வரும் நேரம் என்று ஒன்று இருந்தது. அந்த நேரத்தில்தான் ஒருவன் எதிரே இருக்கும் முகத்தைப் பார்க்க முடியும்.

மேற்கே கள்வராயன் மலையில் நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது. உரிமம் இல்லாததை ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸ் அறிவிப்புச் செய்யும். மருந்தைக் கொட்டி, கம்பியால் கெட்டித்து, ரவை போட்டு ஒரே ஒரு வெடி. தவறினால் பன்றி ஓடிவிடும், அல்லது ஆள்மேல் பாயும். அங்கேயும் ஒன்றுதான். ஆனால் அதை யாரும் மேலிருந்து விதிக்கவில்லை. அந்த ஒன்றுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது வேட்டைக்காரனின் கணக்கு.

கவிதையில் சிக்கனம் என்று நாம் ஓயாமல் பேசுகிறோம். இந்த மூன்றில் எந்தச் சிக்கனம் நம்முடையது என்று கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. 1975இல் தணிக்கை வந்தது, 1977இல் போயிற்று. தகடு கழன்ற பிறகும் அதற்கான வெட்டு மட்டும் மிஞ்சிய ரைஃபிளைப் போல அதற்குப் பிறகும் எழுதிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. அவர்களுடைய மௌனத்தை நாம் நயம் என்று பாராட்டியிருக்கிறோம். அந்தக் கவிதைகளை மறுபடி எடுத்து, எந்த வரி காத்திருந்து வந்தது, எந்த வரி கட்டை அடைத்ததால் வராமல் போனது என்று யாராவது பிரித்துப் பார்க்க வேண்டும்.