ஃப்ளானன் தீவில் மூன்று பேர்

நவம்பர் 4

நேற்று ‘தி வானிஷிங்’ படம் பார்த்தேன். தீவில் லைட் ஹவுஸ் காக்கும் மூன்று பேர் தங்கத்துக்காக அடித்துக்கொள்கிறார்கள். தங்கம் கற்பனை, மூவர் காணாமல் போனது நிஜம். 1900 டிசம்பர், ஸ்காட்லாந்து. அப்போதே எழுதிய கடிதங்களும் அறிக்கையும் இருக்கும்போது படத்தை எதற்கு நம்புவது?

நவம்பர் 5

லூயிஸ் தீவுக்கு மேற்கே சுமார் 32 கி.மீ. தள்ளிக் கிடக்கிறது ஃப்ளானன் தீவுகளில் ஒன்றான எய்லன் மோர் என்ற பாறைத்தீவு. அங்கே உள்ள கலங்கரை விளக்கத்தை வடிவமைத்தவர் டேவிட் ஆலன் ஸ்டீவன்சன். ‘புதையல் தீவு’ எழுதினாரே, அவருடைய பெரியப்பா மகன். குடும்பமே கலங்கரை விளக்கம் கட்டிய குடும்பம். அதிலிருந்து கதைக்குப் போனவர் அவர். கோபுரம் 23 மீட்டர். கட்ட நான்கு வருஷம் ஆனது. சாமான்களை 45 மீட்டர் செங்குத்துப் பாறைமேல் இழுத்து ஏற்ற வேண்டியிருந்தது. 1899 டிசம்பர் 7-ல் விளக்கு எரிந்தது. ஒரு வருஷம் நிம்மதியாக ஓடியது என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

நவம்பர் 7

காணாமல் போன மூவர்: டியூகட், மார்ஷல், மெக்ஆர்தர். மெக்ஆர்தர் நிரந்தர ஆள் அல்ல. நோயில் விடுப்பெடுத்தவருக்குப் பதிலாக வந்தவர். டிசம்பர் 15 இரவு ‘ஆர்க்டார்’ என்ற கப்பல் அந்தப் பக்கம் போனது, விளக்கு எரியவில்லை. அந்தச் செய்தி உரிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. 20-ஆம் தேதி மாற்று ஆளோடு தீவுக்குப் போகவேண்டிய ‘ஹெஸ்பெரஸ்’ கப்பல், மோசமான வானிலையால் 26-ஆம் தேதிதான் போனது. மாற்று ஆளான ஜோசப் மூர் தனியாக மேலே ஏறினார். கடிகாரம் நின்றிருந்தது. பல நாளாக அடுப்பு மூட்டிய தடயம் இல்லை. ஆனால் பாத்திரங்கள் கழுவி வைக்கப்பட்டிருந்தன. விளக்கு துடைத்து எண்ணெய் நிரப்பியிருந்தது.

தொடாமல் விட்ட சாப்பாடு, கவிழ்ந்த நாற்காலி என்று இன்றும் சொல்கிறார்களே, அதைப் பரப்பியது 1912-ல் கிப்சன் என்ற கவிஞர் எழுதிய கவிதை. மூரின் கடிதத்தில் அப்படி ஒன்றுமே இல்லை.

நவம்பர் 8

கண்காணிப்பாளர் மியூர்ஹெட் வந்து விசாரித்தார். சிலேட்டில் கடைசிக் குறிப்பு 15-ஆம் தேதி காலை 9 மணி. அதனால் காலை வேலை முடித்தபின்தான் போயிருக்கிறார்கள். மேற்கு இறங்குதுறையில் கம்பிகள் வளைந்திருந்தன. கடல்மட்டத்திலிருந்து 33 மீட்டர் உயரத்தில் வைத்திருந்த கயிற்றுப் பெட்டி நொறுங்கியிருந்தது. டியூகட்டும் மார்ஷலும் மழையங்கி, கடல் பூட்ஸோடு போயிருக்கிறார்கள். மெக்ஆர்தரின் அங்கி மட்டும் வீட்டிலேயே இருந்தது. பெட்டியையும் கயிறுகளையும் பத்திரப்படுத்தப் போனவர்களைப் பேரலை அடித்துப்போயிருக்கும் என்பது அவர் முடிவு. அங்கிகூட மாட்டாமல் மூன்றாமவர் ஏன் ஓடினார்? கூட்டாளிகளைக் காப்பாற்றத்தான் என்று எனக்குப் படுகிறது. விளக்கை ஆளில்லாமல் விட்டுப்போகக் கூடாது என்ற விதி அவருக்குத் தெரியாததா?

நவம்பர் 11

‘டியூகட் பேசவே இல்லை, மெக்ஆர்தர் அழுகிறார்’ என்ற ரீதியில் மார்ஷல் பதிவேட்டில் எழுதியதாக ஒரு குறிப்பு சுற்றுகிறது. சுத்தப் பொய். மேலதிகாரி படிக்கும் பதிவேட்டில் தன் மூத்தவரைப் பற்றி எந்த உதவியாளன் அப்படி எழுதுவான்? பிற்காலத்து அமெரிக்கப் பத்திரிகையின் கைவரிசை அது.

மூரும் கப்பலிலிருந்து வந்த மூவரும் 26-ஆம் தேதி அங்கேயே தங்கி, அன்றிரவே உரிய நேரத்துக்கு விளக்கை ஏற்றினார்கள். இதைப் பற்றி யாரும் கவிதை எழுதவில்லை. 1971 செப்டம்பர் 28-ல் விளக்கு தானியங்கியாகும்வரை அங்கே காவலர்கள் வேலை பார்த்தார்கள்.