நான்கு பேர்

தாயில்பட்டியில் வளர்ந்த எனக்கு உழைப்பாளர் சிலை அறிமுகமானது மே தினச் சுவரொட்டிகளில்தான். அரையில் ஒரு துணி மட்டும் கட்டிய நான்கு ஆண்கள், தசைநார் புடைக்க ஒரு பாறையை நெம்பிக்கொண்டிருப்பார்கள். பிறகு வேலைக்காகச் சென்னை வந்து, பேருந்து ஜன்னல் வழியே அதை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். நின்று பார்த்ததில்லை. பார்க்க வைத்தது பெரியம்மா.

சிலையைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி, 1899-ல் இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியில் பிறந்தவர். ஓவியத்தை அபனீந்திரநாத் தாகூரிடம் கற்றவர் என்றாலும், சிற்பத்தில் அவருடைய மனம் ரோதேன் பக்கமே சாய்ந்தது. 1929-ல் சென்னை ஓவியப் பள்ளியின் பொறுப்பேற்று 1957 வரை அங்கே இருந்தார். மல்யுத்தம், வேட்டை, புல்லாங்குழல், வங்காளத்தில் சிறுகதைகள் என ஒரு மனிதருக்குள் நாலைந்து பேர். கே.சி.எஸ். பணிக்கரும் தனபாலும் அவருடைய மாணவர்கள். மாணவர்கள் வேறு திசைகளில் போனபோதும் அவர் மனித உடலை விடவில்லை. பாரம் உடலில் எந்த வழியாக இறங்குகிறது என்பது மல்யுத்தம் பழகியவருக்குத் தெரியும்போலும். பாறையை மறைத்துவிட்டு அந்த முதுகுகளை மட்டும் பார்த்தாலும் பாறையின் எடை தெரிகிறது.

சிலை திறக்கப்பட்டது 1959 ஜனவரி 25 அன்று. 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் இதே கடற்கரையில்தான்.

கண் சிகிச்சைக்காகச் சென்னை வந்திருந்த பெரியம்மாவை ஒரு மாலை அங்கே அழைத்துப் போனேன். முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“நாலு பேருதான்யா இருக்காக. சட்டப்படிதான் வச்சிருக்கான்.”

எங்கள் பக்கத்துப் பட்டாசு ஆலைகளை அறிந்தவர்களுக்கு இது புரியும். மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. அக்கா இருந்த அறையில் அன்று அதற்கும் மேல் இருந்தார்கள். தீபாவளி நெருங்கிய சமயம். அந்த வேலையில் அக்காவைச் சேர்த்துவிட்டதும் பெரியம்மாதான்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 40 பேர் அளவுக்கு இறந்தபோது செய்தி டெல்லி வரை போனது. ஒருவர், மூவர் என்று இறக்கும் நாட்கள் மாவட்டச் செய்திப் பக்கத்தைத் தாண்டுவதில்லை.

அன்றிலிருந்து அந்தச் சிலை என்னைத் தொந்தரவு செய்கிறது. அதன் மகத்துவத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் உழைப்பு என்பது உட்கார்ந்திருப்பது. முழங்கை வரை அலுமினியப் பொடி மின்ன, சரம் பின்னும் பெண்ணின் உடலில் விரல்களைத் தவிர எதுவும் அசைவதில்லை. ராய் சௌத்ரியின் கை அறிந்த தசைகளில் இந்த அசையாமைக்கு இடமில்லை.

அதற்கு இடம் தந்தவராக எனக்குத் தோன்றுபவர் ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ் (1867–1945). கணவர் பெர்லினில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். நெசவாளர்களின் கிளர்ச்சியை அச்சோவியங்களாகச் செய்து பெயர் பெற்ற கோல்விட்ஸ், சிற்பத்துக்குப் பின்னர்தான் வந்தார். முதல் உலகப் போர் மூண்டதும் அவருடைய இளைய மகன் பீட்டர் படையில் சேர விரும்பினான். வயது போதாததால் தந்தையின் சம்மதம் வேண்டும். தந்தை தயங்கினார். பேசிச் சம்மதம் வாங்கித் தந்தவர் தாய். 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் பீட்டர் இறந்தான். வயது 18.

அவனுக்கான நினைவுச்சின்னத்தைச் செய்வதும் கைவிடுவதும் மறுபடி தொடங்குவதுமாகப் பல ஆண்டுகள் போயின. 1932-ல்தான் அது பெல்ஜியத்தின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் வைக்கப்பட்டது. கருங்கல்லில் இரண்டே உருவங்கள், இரண்டும் மண்டியிட்டவை. தந்தை தன்னைத்தானே இறுக்கி அணைத்தபடி விறைத்திருக்கிறார். தாய் குனிந்திருக்கிறாள். மகன் சிற்பத்தில் இல்லை.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தப் படத்தைக் கைபேசியில் பெரியம்மாவுக்குக் காட்டினேன். சுவரில் அக்கா படத்தருகே சீரியல் விளக்கு அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.

“இவுக பிள்ளைக்கு என்னாச்சு?”

போரில் செத்துப்போனான் என்றேன்.

“நஷ்டஈடு குடுத்தாகளா?”

தெரியவில்லை என்றேன். கைபேசியை வாங்கி, குனிந்திருந்த அந்த அம்மாவை மட்டும் விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.