வரைபடத்தில் ஒரு ஓட்டை

இரவு பதினொன்றரை மணி. மறுநாள் காலை டெமோ. அமெரிக்காவின் கவுண்டிகளை மக்கள்தொகைக்கு ஏற்ப நிறம் பூசிக் காட்டும் ஒரு வரைபடம்தான் என் வேலை. கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்மூர் மாவட்டம் மாதிரி. மூவாயிரத்துச் சொச்சம் இருக்கின்றன. கிளம்பலாம் என்று மடிக்கணினியை மூடப்போன நேரத்தில் டெஸ்டிங் பார்க்கும் பையன் கூப்பிட்டான்.

"அண்ணா, மேப்ல ஒரு ஓட்டை இருக்கு."

இருந்தது. தெற்கு டகோட்டா மாநிலத்தின் தென்மேற்கில், நெப்ராஸ்கா எல்லையை ஒட்டி, வெள்ளையாக ஒரு துண்டு.

காரணம் சுலபமாகப் பிடிபட்டது. அமெரிக்க அரசு ஒவ்வொரு கவுண்டிக்கும் ஐந்திலக்க எண் ஒன்று கொடுத்திருக்கிறது. ஃபிப்ஸ் கோட் என்பார்கள். மக்கள்தொகைத் தரவில் 46102 என்று ஓர் எண் இருந்தது. நான் எங்கிருந்தோ எடுத்துப் போட்ட வரைபடக் கோப்பு 2014ஆம் வருடத்தது. அதில் அப்படி ஓர் எண்ணே இல்லை, 46113தான் இருந்தது. இரண்டும் ஒரே இடம். ஒரு வரி எழுதினேன்: 46102 வந்தால் 46113 என்று எடுத்துக்கொள். ஓட்டை அடைபட்டது. மவுஸை அதன்மேல் வைத்தால் 'ஷானன் கவுண்டி, 13,672 பேர்' என்று காட்டியது.

அஞ்சு நிமிஷத்தில் அவன் மறுபடியும் வந்தான். "அண்ணா, ஷானன்னு ஒரு கவுண்டியே இப்ப இல்லையாமே. வேற பேரு போட்டிருக்கு."

எரிச்சலோடுதான் தேடினேன். அன்று வீட்டுக்குப் போக மூன்று மணி ஆயிற்று.

அந்த இடத்தின் இன்றைய பெயர் ஓக்லாலா லகோட்டா கவுண்டி. முழுக்க பைன் ரிட்ஜ் பழங்குடி ஒதுக்கீட்டு நிலத்துக்குள் இருக்கிறது. புல்வெளி, வெள்ளை ஆறு, வடக்கே மண் அரித்து அரித்துக் கூர்கூராக நிற்கும் பேட்லேண்ட்ஸ். ஐயாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, பதினாலாயிரம்கூடத் தேறாத ஜனம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பழங்குடிகள். கவுண்டிக்கென்று தலைநகர் கிடையாது. கவுண்டி அலுவலக வேலைகளைப் பக்கத்து ஃபால் ரிவர் கவுண்டியின் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊர்தான் பார்த்துக்கொள்கிறது. அந்த அலுவலகத்துக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க இவர்களுக்கு ஓட்டு கிடையாது என்றிருந்த சட்டம் செல்லாது என்று 1975இல்தான் நீதிமன்றம் சொன்னது. 2014ஆம் ஆண்டுக் கணக்கை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், அமெரிக்காவிலேயே சராசரி ஆயுள் மிகக் குறைவான கவுண்டி இதுதான்: 66.8 வருடம். நாட்டின் சராசரி அப்போது 79.

எண்ணிக்கை என்பது இந்த நிலத்தில் பழைய கதை. 1868இல் ஃபோர்ட் லாரமியில் போட்ட ஒப்பந்தப்படி, கருங்குன்றுகள் உட்பட ஒரு பெரும் நிலப்பரப்பு லகோட்டா மக்களுடையது. அதில் ஒரு பிடியைக் கொடுப்பதென்றாலும் வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பேர் கையெழுத்திட வேண்டும். 1874இல் குன்றுகளில் தங்கம் கிடைத்தது. பத்து சதவீதம் பேரின் கையெழுத்தை வைத்துக்கொண்டே 1877இல் அமெரிக்க நாடாளுமன்றம் குன்றுகளை எடுத்துக்கொண்டது. எடுத்தது தவறு, நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. நூறு மில்லியன் டாலருக்கு மேல். வட்டியோடு வளர்ந்து பில்லியனைத் தாண்டிவிட்ட அந்தப் பணத்தை அவர்கள் இன்றுவரை தொடவில்லை. கேட்பது மலையை.

ஷானன் யார்? டகோட்டா பிராந்தியத்தின் தலைமை நீதிபதியாக இருந்த பீட்டர் ஷானன். மிச்சமிருந்த நிலத்திலும் பெரும்பகுதியைக் கேட்டு 1882இல் அனுப்பப்பட்ட மூவர் குழுவில் ஒருவர். அப்போதும் போதிய கையெழுத்து சேரவில்லை, அந்த முயற்சி தோற்றது. ஆனால் 1889இல் வேறொரு சட்டம் வந்து நிலத்தைத் துண்டு துண்டாக்கியது. அதில் ஒரு துண்டுதான் பைன் ரிட்ஜ். அடுத்த வருடம் டிசம்பர் 29ஆம் தேதி, இதே கவுண்டிக்குள் இருக்கும் வூண்டட் நீ ஓடைக்கரையில், ஏழாவது குதிரைப்படை பெண்களும் குழந்தைகளுமாக நூற்றைம்பதிலிருந்து முந்நூறு பேர் வரை சுட்டுக் கொன்றது. அவர்களை ஒரே குழியில் புதைத்த மண்ணுக்கு நூறு வருடத்துக்கும் மேல் ஷானனின் பெயர்.

2014 நவம்பரில் பெயரை மாற்றலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. மாற்றலாம் என்று 2,161 பேர், வேண்டாம் என்று 526 பேர். எண்பது சதவீதம். 2015 மே 1 முதல் பெயர் மாறியது.

பெயர் மாறியதால் எண்ணும் மாறியது. கவுண்டிகளை அகரவரிசையில் அடுக்கி ஒற்றைப்படை எண்களாகக் கொடுத்திருக்கிறார்கள். பிற்பாடு யாராவது வந்தால் உட்கார நடுவில் இடம். மூடி கவுண்டி 101, பென்னிங்டன் 103. ஓக்லாலா லகோட்டா நடுவே போய் 102 ஆனது. அந்த எண்ணை முதலில் பார்த்தபோது யாரோ தட்டச்சுப் பிழை செய்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

நான் என்ன செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கையெழுத்துக் கணக்கை ஒரு தடவை மதிக்காமல் விட்டார்கள். நூற்று முப்பத்தேழு வருடம் கழித்து, விதித்த கணக்கைவிட அதிகமாகவே ஓட்டுப் போட்டு, ஒரு பெயரையாவது அவர்கள் திரும்ப வாங்கினார்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, தூக்கக் கலக்கத்தில், ஒரே வரியில் அதை நான் ரத்து செய்திருந்தேன். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். டெமோவில் அந்த மூலைக்கு மவுஸை யார் கொண்டுபோகப் போகிறார்கள்?

அந்தப் பையன் கொண்டுபோனான். அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கலாம், கடை மூடியிருந்தது.

புதிய வரைபடக் கோப்பைத் தேடி இறக்கி, எல்லைக்கோடுகள் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்து முடித்தேன். என் ஒற்றை வரியை அழித்தேன். மாற்றத்தைப் பதிவு செய்யும் இடத்தில் வழக்கம்போல 'கவுண்டி பெயர் பிழை திருத்தம்' என்று அடித்துவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை பெயரில் இல்லை. அழித்துவிட்டு, 'பழைய வரைபடம் நீக்கப்பட்டது' என்று எழுதினேன்.