அவ்வாவின் பாஷை

போன மாதம் என் அண்ணாவோடு டெலிபோனில் பெரிய சண்டை போட்டேன். அண்ணா இருப்பது நியூ ஜெர்ஸியில். மன்னி குஜராத்திப் பெண். அவர்கள் பிள்ளைக்கு எட்டு வயதாகிறது. வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். "அம்மா அவனோடு எப்படிப் பேசுவாள்? பாட்டியிடம் ஒரு கதை கேட்கிற பாக்கியம்கூட அவனுக்கு இல்லையா?" என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டேன். அண்ணா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, உன் பிள்ளை அவன் அவ்வாவோடு எந்தப் பாஷையில் பேசுகிறான்?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை.

என் புக்ககத்தார் தெலுங்கு பேசுகிறவர்கள். இப்போது நூம்பலில் இருந்தாலும் மாமியாருக்குப் பிறந்த ஊர் பள்ளிப்பட்டு. பத்து வயதில் ஆந்திரப் பிரதேசத்துச் சிறுமியாகத் தூங்கப் போய், மறுநாள் சென்னை ராஜ்யத்துச் சிறுமியாக எழுந்தவர் அவர்! 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணியோடு பள்ளிப்பட்டும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. எல்லைக்கோடு மாறியதே தவிர, வீட்டுக்குள் பேசிய தெலுங்கு மாறவில்லை. அதை நிறுத்திய பெருமை எனக்குத்தான்.

பிள்ளை எல்.கே.ஜி. சேர்ந்த புதிதில், தாகத்துக்கு "நீள்ளு" கேட்டானாம். "வீட்டில் இரண்டு பாஷை பேசினால் குழந்தை குழம்பிப் போகும்" என்றாள் டீச்சர். எம்.ஏ. படித்த நானும் அதை நம்பினேனே! "அத்தை, இனிமேல் அவனோடு தமிழிலேயே பேசுங்கள்" என்றேன். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

அத்தைக்குத் தமிழ் நன்றாகவே வரும். ஆனால் தமிழில் "சாப்பிட்டாயா, பாடம் எழுதினாயா" என்பதோடு முடிந்துவிடும். கதையும் விடுகதையும் செல்லத் திட்டும் தெலுங்கில்தான் இருந்தன. அவை நின்றன. என் கணவரோ வாயே திறக்கவில்லை. (அவர் இதைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.)

இரண்டு பாஷைகளைக் குழந்தை கலந்து பேசுவது குழப்பமே அல்ல, வளர வளரத் தானே பிரித்துக்கொள்ளும் என்று மொழி ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லி எவ்வளவோ காலமாகிறது. அதோடு, தமிழுக்கு என்ன குறை? தெருவெல்லாம் தமிழ், 2006-ல் வந்த சட்டப்படி பள்ளிக்கூடத்திலும் பத்தாம் வகுப்பு வரை அதைப் படித்தே ஆகவேண்டும். தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 2011 கணக்குப்படி சுமார் 42 லட்சம் பேர். இருந்து என்ன? என் பிள்ளைக்கு அதைக் கொடுக்க ஒரே ஒரு வாய்தான் இருக்கிறது. அதற்கும் எழுபத்தைந்து வயதாகிவிட்டது.

சண்டைக்கு மறுநாள், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தையிடம், "இதற்குத் தெலுங்கில் என்ன?" என்று கேட்டேன். என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"வங்காய."

நான் திருப்பிச் சொன்னேன். கூடத்திலிருந்து பிள்ளை, "அப்படி இல்லேம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து, அவ்வாவைப் போலவே சொல்லிக் காட்டினான். அத்தையின் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது.

அன்று இரவு விளக்கணைத்த பிறகும் அவர்கள் அறையில் பேச்சுக் குரல் கேட்டது. கதவோரம் நின்று கேட்டேன். "நக்க, நக்க" என்று அடிக்கடி வந்தது. நரியாம். மற்றபடி எனக்கு ஒன்றும் புரியவில்லை.