தரங்கம்பாடியும் பிள்ளைகளின் விவிலியமும்

சீர்காழியிலிருந்து கடலோரச் சாலை வழியாக வேளாங்கண்ணி செல்லும் திருப்பயணிகள், காரைக்காலை அடையுமுன் தரங்கம்பாடியைக் கடக்கின்றனர். அங்கே இறங்கும் குடும்பங்கள் சிலவே. பிள்ளைகளுக்கு விவிலியம் வாங்க எண்ணியிருக்கும் பெற்றோராவது அவ்வூரில் அரைநாள் தங்கிச் செல்லலாம்.

1620-இல் டேனியர் எழுப்பிய கோட்டை கடலை நோக்கி நிற்கிறது. அருகே 1718-இல் திருநிலைப்படுத்தப்பெற்ற புதிய எருசலேம் ஆலயம். அதனுள் துயில்பவர் லூத்தரன் சபைக் குரு சீகன்பால்க். 1706-இல் இங்கு வந்திறங்கிய அவர், தமிழாசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். விவிலியத்தைத் தமிழில் அச்சேற்றியவருக்கு எழுத்துத் தோழர்கள் பிள்ளைகளே!

ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றால் அச்சிட்டால் இருந்த தாள் போதாது. எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, புதிய ஏற்பாட்டை 1715-இல் நிறைவு செய்தனர். இன்று தாளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் சட்டைப்பையில் அடங்கும் பொடியெழுத்து நூலையன்றோ புதுநன்மைப் பரிசாக வழங்குகிறோம்! பத்து வயதுச் சிறுவன் அதை எங்ஙனம் படிப்பான்?

1719-இல் சீகன்பால்க் மறைந்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத்து வரையே முடித்திருந்தார். எஞ்சியதை முடித்தவர் சூல்ட்சே. நாம் இணைத்திருமுறை என்றழைக்கும் நூல்களும் 1728-இல் இங்கே அச்சேறின என்பதைப் பலர் அறியார். இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அழகிய பதிப்புகள் பலவற்றில் அவை இல்லை. அவற்றில் 66 நூல்களே உண்டு, நம் திருமுறையிலோ 73. திருக்குடும்ப விழாவன்று சீராக்கின் ஞானத்திலிருந்து வாசகம் கேட்ட சிறுமி, வீட்டுக்கு வந்து தேடினால் காணமாட்டாள். ஆலயத்தில் 'இணைச்சட்டம்' எனக் கேட்டது வீட்டில் 'உபாகமம்' என்றிருந்தால் மேலும் குழம்புவாள்.

1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பின் கத்தோலிக்கப் பதிப்பே நம் இல்லங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. நூல்தோறும் முன்னுரை உண்டு, அடிக்குறிப்புகளும் உண்டு. படக்கதை விவிலியம் சிறு குழந்தைக்குப் போதும். மறைக்கல்வி வகுப்புக்குச் செல்லும் பிள்ளைக்குப் போதாது.

வாங்குமுன் தோபித்து நூலின் ஆறாம் அதிகாரத்தைப் பிள்ளையையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வானதூதரும் தோபியாவும் நடக்க, நாயும் உடன் செல்கிறது. ஆற்றில் பெரிய மீன் துள்ளுகிறது. திக்கிரீசு ஆறு எங்கே என்று பிள்ளை கேட்டால், நிலப்படம் அந்நூலில் உண்டா என அப்போதே புரட்டிப் பார்த்துவிடலாம்.