ஒப்புதல் படிவம்

கள ஆய்வுக்குச் சென்ற அன்று என் பையில் இரண்டு பக்க ஒப்புதல் படிவம் இருந்தது. 'பங்கேற்பாளரின் கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை' என்பது அதன் கடைசி வரி. மைப்பெட்டியைக் கண்டதும் அந்த அம்மையார் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "இதுவும் போலீசுக்குப் போகுமா, மா?" என்று வங்காளத்தில் கேட்டார்.

அசாமின் கோக்ராஜார் சிறைக்குள் இயங்கிய தடுப்பு முகாமில் இரண்டரை ஆண்டு இருந்தவர் அவர். 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டு கழித்தவர்களைத் தலா 1 லட்ச ரூபாய்க்கு இரண்டு பிணையாளர்களுடன் விடுவிக்கலாம் என்றது. கருவிழியும் விரல் ரேகையும் பதிய வேண்டும். வாரந்தோறும் காவல் நிலையம் செல்ல வேண்டும். கொரோனா பரவிய 2020 ஏப்ரலில் மூன்றாண்டு இரண்டாண்டாகவும், 1 லட்சம் 5,000 ஆகவும் குறைந்தன. அப்போது வெளியே வந்தவர்.

அவருக்கு உறக்கம் இல்லை. மாலையில் சிறையில் தலை எண்ணும் நேரம் நெருங்கினால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது. அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதாகச் சொன்னேன். மறுத்துவிட்டார். சீட்டு எழுதுமிடத்தில் பெயரும் தந்தை பெயரும் கேட்பார்களாம். இரண்டு வாக்காளர் பட்டியல்களில் தந்தையின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்ததே அவர் வழக்கின் தொடக்கம். "மூன்றாவதாக ஒருவர் இன்னொரு விதமாக எழுதிவிட்டால்?"

என் வினாப்பட்டியலில் இதற்குத் 'தவிர்ப்பு நடத்தை' என்று பெயர், மதிப்பெண்ணும் உண்டு. அந்தக் கட்டத்தில் குறியிட எனக்குக் கை வரவில்லை. அவர் தவிர்ப்பது கற்பனை அச்சத்தையா, மெய்யான ஆபத்தையா?

தேஜ்பூரில் 1876-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கிறது. இன்று அது வடகிழக்கின் முதன்மையான மனநலக் கல்வி நிறுவனம். அதே ஊர்ச் சிறையிலும் ஒரு தடுப்பு முகாம் இருந்தது. மனநலம் குன்றியவர் என்று குடும்பத்தார் கூறிய ஒருவர் அங்கே அடைக்கப்பட்டிருந்து, 2019 அக்டோபரில் குவாஹாட்டி மருத்துவமனையில் இறந்தார். வங்கதேசத்தவர் என்றால் உடலையும் அங்கேயே அனுப்புங்கள் என்று பிள்ளைகள் பல நாள் வாங்க மறுத்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை உரிமையை 'ஒவ்வொரு நபருக்கும்' தருகிறது. குடிமக்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை.

பின்னர் மாட்டியாவில் 3,000 பேருக்கான தனி முகாம் எழுந்தது. அதைப் பார்வையிட்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அளித்த அறிக்கையை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பரிசீலித்தது. தண்ணீர் போதவில்லை, கழிப்பறைகள் சரியில்லை என்ற அறிக்கை, உணவு பற்றியும் மருத்துவ வசதி பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை என்பதை நீதிபதிகளே சுட்டிக்காட்டினர். பார்வையிடச் சென்றவர்கள்கூட நோயைக் கேட்டு எழுதவில்லை. (நானோ கேட்கப் போய் மைப்பெட்டியை நீட்டியவள்.)

வாய்மொழி ஒப்புதல் போதும் என்று நெறிமுறைக் குழுவிடம் அனுமதி பெற நான்கு மாதம் ஆயிற்று. மறுபடி சென்றபோது, மை கொண்டுவந்தாயா என்றுதான் முதலில் கேட்டார். பையைத் திறந்து காட்டினேன். வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

இரண்டு மணி நேரம் பேசினார். அங்கே சீக்கிரம் இருட்டிவிடும். வெளிச்சம் மங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டு, முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பேரக் குழந்தைகளை விரல் விட்டு எண்ணினார்; மீண்டும் ஒருமுறை எண்ணினார்.