காலுக்கு முன் கண்

உதைபந்தாட்டம் காலின் ஆட்டம் என்பதே நம்மிற் பலருடைய எண்ணம். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியவன் 11 வயதுச் சிறுவன் ஒருவன்.

ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளிற் பந்தாட்டம் பழக்கி வந்தோம். அச்சிறுவன் உருவிற் சிறியவன். ஆயினும் பந்து அவன் காலடியில் அடங்கி நிற்கும். ஒரு போட்டியின்போது எல்லைக்கோட்டருகே நின்று, "அடி! அங்கே கொடு! ஓடு!" என்று ஓயாது கூவினோம். பந்தைப் பெற்ற அவன் மைதானத்தை நோக்கவில்லை. எமது முகத்தையே நோக்கினான். அக்கணத்தில் எதிரணியினன் பந்தைப் பறித்துச் சென்று கோல் போட்டான். பிள்ளையைக் கடிந்துகொண்டோம். வீடு திரும்பும் வழியிலேதான் குற்றம் எம்முடையது என்பது புலனாயிற்று. அவன் சிந்திக்க வேண்டிய வேளையில், அவனுக்காக நாம் சிந்தித்துக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு எமது நினைவுக்கு வந்தவர் ஸ்பெயின் நாட்டு வீரர் சாவி ஹெர்னாண்டஸ். அவரும் 11 வயதிலே, 1991இல், பார்சலோனாக் கழகத்தின் இளையோர் பிரிவிற் சேர்ந்தவர். அவரும் உருவிற் சிறியவரே. ஓட்டத்தில் அவரை விஞ்சியவர் பலர். எனினும் 2010இல் உலகக் கிண்ணத்தை வென்ற ஸ்பெயின் அணிக்கு அவர் உயிர்நாடியாய் விளங்கினார். பந்து தம்மிடம் வருமுன்னரே தலையைத் திருப்பித் திருப்பி நாற்புறமும் நோக்குவது அவர் வழக்கம். பந்து காலைத் தொடும்போது முடிவு ஆயத்தமாயிருக்கும். நோர்வே ஆய்வாளர் கெயர் யோர்டெட்டும், இவ்வாறு அடிக்கடி நோக்குவோரே பந்தைத் தவறாது தோழரிடம் சேர்ப்பதில் மேம்பட்டோர் எனக் கண்டார்.

இப்பழக்கத்தை வளர்க்கும் பயிற்சி ஒன்று அக்கழகத்தில் உண்டு. அதற்கு 'ரொண்டோ' என்று பெயர். சிலர் சுற்றி நின்று பந்தை மாற்றிக் கொடுக்க, நடுவில் நிற்போர் அதைப் பறிக்க முயல்வர். பறிகொடுத்தவன் நடுவே செல்லவேண்டும். இடமும் குறுகியது, நேரமும் குறுகியது. ஆதலால் முன்கூட்டிப் பார்த்தவனே தப்புவான்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு பந்தும், ஏழு பிள்ளைகளும், 30 அடிச் சதுர நிலமும் போதும். ஐவரைச் சுற்றி நிறுத்தி, இருவரை நடுவில் விட்டோம். உடலைச் சற்றே திருப்பி நின்று, பந்து வரும் பக்கத்துக்கு அப்பாலுள்ள காலால் அதை வாங்குமாறு பழக்கினோம். ஆட்டத்தின் நடுவே வாய் திறப்பதில்லை என்பது எமக்கு நாமே விதித்த விதி. ஆட்டம் ஓய்ந்த பின் ஒன்றே ஒன்று கேட்போம்: "பந்து வருமுன் என்ன கண்டாய், தம்பி?"

முதலில் எவருக்கும் விடை தெரியவில்லை. பிழைகளும் மலிந்தன. வாயை அடக்குவது எமக்கும் எளிதாயிருக்கவில்லை.

சில மாதங்களின் பின் மற்றொரு போட்டி நடந்தது. பந்து அச்சிறுவனை நோக்கி உருண்டு வந்தது. அவன் ஒருமுறை பின்னே திரும்பிப் பார்த்தான். பின்னர் பந்தைத் தொடாமலே கால்களுக்கிடையே செல்லவிட்டான். பின்னால் நின்ற தோழனை அது சென்றடைந்தது. அத்தோழன் அங்கே நிற்பதை நாம் கண்டிருக்கவில்லை. நாம் கூவியிருந்தால் தவறாகவே கூவியிருப்போம்.

எல்லைக்கோட்டில் நிற்கும் பெற்றோரும் பெரியோரும் இதனைச் சற்றே சிந்திப்பாராக.